ஒறம்பரைச் சத்தம்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அப்படியே கெடக்கட்டும். விளம்பரத்தப் பாத்துட்டு ஏர் பில்டர் வாங்க வந்தவங்கதானே? தெருமொனைல நீங்க திரும்புறப்பவே கண்டுபிடிச்சுட்டனுங்க. ஸ்டேரிங்க ஒடிச்சப்ப கீஈச்சுனு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அது பெல்ட்டுங்க. பவர் ஸ்டேரிங் பெல்ட்டு. எத்தன நாளா கத்துது? ஆறு மாசமாவா? சரி, சரி. அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

இதா பாருங்க, பொட்டியோட அப்படியே வெச்சிருக்கேன். செவப்புக் கூம்பு, அலுமினியக் குழாய், ரப்பர், கிளாம்பு நாலு. எல்லாம் இருக்குது. அஞ்சே நாள் ஓட்டுனது. ஒரு பொட்டுத் தூசி இருந்தா என்னையக் கேளுங்க. நம்ம ரெண்டு பேருதும் ஒரே வண்டி, ஒரே வருசம். அதனால பொருந்துமா பொருந்தாதாங்கற பேச்சே இல்ல.

அஞ்சு நாள்ல ஏன் கழட்டுனீங்கன்னு கேக்கறீங்க. எல்லாருந்தான் கேக்கறாங்க. பில்டர் மேல ஒரு கொறையும் இல்லீங்க, சத்தியமா. கொற எல்லாம் என்ற சகலை மேலதான்.

நீங்க எந்தப் பக்கம்? திண்டுக்கல்லா. அப்ப சகலைன்னா தெரியும். சம்சாரத்தோட தங்கச்சி வூட்டுக்காரரு. எதிரி வெளிய இருந்து வரோணும்னு இல்லீங்க. மாமனாரே ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்து குடுத்துருவாரு.

என்ற பேரு சென்னியப்பனுங்க. இங்க கணபதிலதான் ஒரு பம்பு கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன். மோட்டார ஓட விட்டு, காது குடுத்து, பேரிங் சரியா இருக்குதா, உள்ள ஏதாச்சும் ஒரசுதான்னு சொல்றதுதான் வேல. மிசின்ல வெச்சுப் பாக்கறதுக்கு முந்தியே நான் சொல்லிருவேன். சத்தத்துல என்னைய ஒருத்தரும் ஏமாத்த முடியாது தம்பி. இருபத்தஞ்சு வருசம் இந்தக் காதுதான் எனக்குச் சோறு போடுது.

மாமனாரு கோபிக்கு அந்தப் பக்கம். வாய்க்கா ஓரத்துல வூடு. ராக்கியண்ணன்னா அங்க தெரியாதவங்க இல்ல. பையன் கெடையாது, ரெண்டும் பொண்ணு. மூத்தவ வசந்தாமணியத்தான் நான் கட்டுனேன், இருபத்திரண்டு வருசமாச்சு. சின்னவ கலாமணி பன்னண்டு வருசம் கழிச்சுப் பொறந்தவ. அவளுக்கு ஆறு வருசத்துக்கு முந்தி ஒருத்தரப் புடிச்சாங்க. கிருபாகரன்னு பேரு. கம்ப்யூட்டர் கம்பெனில பெரிய வேல. ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு. வாயத் தொறந்து பேசமாட்டாரு. 'ம்'முங்கறதுதான் அவரு பாஷை. நம்ம பத்து வார்த்த பேசுனா ஒரு 'ம்'மு வரும். அந்த 'ம்'முக்கே எங்க மாமனாரு, 'சின்ன மாப்ளைக்கு என்னா அடக்கம் பாத்தீங்களா'ம்பாரு. பேசாம இருக்கறது ஒரு தெறமையாங்க? நம்ம வூட்டு ஆட்டுக்கல்லுந்தான் பேசாம இருக்குது.

சரி, விசயத்துக்கு வர்றேன். அவரு வர்றப்ப எங்க மாமனாரு எந்திரிப்பாருங்க.

என்னடா இது, எந்திரிக்கறது ஒரு விசயமான்னு நெனைக்காதீங்க. அந்த மனுசனுக்கு எழுபத்தெட்டு வயசு. கண்ணுல புரை. ரெண்டு வருசமா நெழலாட்டந்தான் தெரியுது, ஆளு அடையாளம் தெரியாது. முட்டி வேற வலி. அப்படிப்பட்டவரு, சின்னவரு வண்டிச் சத்தம் வாய்க்கா பாலத்துக்கிட்ட கேட்டாப் போதும், நாக்காலிய வுட்டு எந்திரிச்சு, துண்டத் தோள்ல போட்டு, செவுத்தப் புடிச்சுட்டுக் கேட்டு வரைக்கும் வருவாரு. 'வாங்க மாப்ள, வாங்க'ன்னு கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவாரு. எனக்கு? இருபத்திரண்டு வருசத்துல எனக்கு ஒரு நாள் எந்திரிச்சதில்லீங்க. ஒரே ஒரு நாள் எந்திரிச்சதில்ல. நான் உள்ள போனா, உக்காந்த எடத்துல இருந்தே, 'வந்தாச்சுங்களா? அந்தத் தோட்டத்து மோட்டாரு ஒரு மாதிரி உறுமுது, சித்த பாருங்க'ம்பாரு. சட்டையக் கழட்டி மாட்டிட்டு நேரா கெணத்துக்குத்தான் போகோணும்.

அவரு வந்தா நாட்டுக்கோழி அடிப்பாங்க. நான் போனா, 'நேத்து வெச்ச கொழம்பு இருக்குதுங்க, சுட வெச்சுத் தரட்டுங்களா'ன்னு கேப்பாங்க. அவரு போனா ஃபேனுக்கு அடியில புதுச் சோபா. நான் போனா மாட்டுச் சாளைல பல்பு போச்சு, கரண்டாபீசுல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. பீரோ சாவி ஒண்ணு என்ற கையில குடுத்து வெச்சிருக்காரு, அத்தை தவறுன நாள்ல இருந்து அத வேற நாந்தான் சுமந்துட்டுத் திரியறேன். சின்னவருகிட்ட ஒரு நாள் சாவி குடுத்திருப்பாரா? மாட்டாரு. அவரு கை நோகுமில்ல.

ஒண்ணே ஒண்ணு சொல்லோணும். காப்பி மட்டும் நான் படியேறுறப்பவே டம்ளர்ல ஆத்தி ரெடியா இருக்கும். சக்கர இல்லாம. எனக்குச் சக்கர வந்து பன்னண்டு வருசமாச்சு. அது ராசாத்தி அக்காவோட கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுக்குவேன். சமையலுக்கு இருக்கறவங்க. அந்த ஒரு அக்காவாச்சும் நம்மள மனுசனா மதிக்குதேன்னு இருக்கும்.

இதையெல்லாம் வசந்தாமணிகிட்டச் சொன்னா, 'ரெண்டு புள்ளைகளுக்கு அப்பன், பொகைச்சலப் பாரு. வயித்தெரிச்சலுக்கு மோரு தரட்டுங்களா'ங்கறா. எனக்கென்னங்க பொகைச்சல்? ஞாயத்தச் சொன்னேன்.

இப்ப அந்த வண்டிச் சத்தத்துக்கு வர்றேன். சின்னவரு வண்டில இந்த மாதிரி ஒரு கூம்பு பில்டர் மாட்டியிருக்காரு. ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஹூஊம்ம்னு எஞ்சின் மூச்சு இழுக்கறது ஊருக்கே கேக்கும். கண்ணு தெரியாத மனுசன், சத்தத்த வெச்சுத்தானே ஆளு கண்டுபிடிப்பாரு? எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. சென்னியப்பா, உனக்கு மரியாத கெடைக்காததுக்குக் காரணம் உன்ற வண்டிதான்டா. அது திருட்டுப் பூனையாட்ட வந்து நிக்குது. சத்தமே இல்ல. அப்புறம் அவரு எப்படி எந்திரிப்பாரு?

சத்தமே இல்லைன்னு சொல்லக் கூடாது. பெல்ட்டு கத்தும். உங்க வண்டியாட்டவே. வாய்க்கா பாலத்துல ஒரு ஒடி ஒடிச்சுத் திரும்போணும், அந்த எடத்துல கீஈச்சுங்கும். எட்டு வருசமா அப்படித்தான். எத்தன தடவ டைட் வெச்சாலும் ஒரு மாசத்துல மறுபடி ஆரம்பிச்சுரும். அது ஒரு சத்தமுங்களா? அதுக்கு யாரு எந்திரிப்பாங்க?

இதுக்கு நடுவுல கண்ணாசுபத்திரி விசயம் ஒண்ணு நடந்துச்சு. போன மாசம். என்னையக் கேக்காம கொள்ளாம, சின்னவரு மாமாவக் கோயமுத்தூர் கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்டக் காட்டிட்டாரு. நான் இதே ஊர்ல இருக்கேன் தம்பி. இந்தா, அஞ்சு கிலோமீட்டர்ல இருக்கேன். டாக்டரு, 'புரை முத்திப்போச்சு, உள்ள அழுத்தமும் ஏறிட்டு இருக்குது, சீக்கிரம் பண்ணிருங்க, தள்ளிப் போட்டா அப்புறம் பண்ணியும் புண்ணியமில்ல'ன்னு சொல்லிருக்காரு. ரிப்போர்ட்டையெல்லாம் பைலு போட்டுக் கொண்டாந்து மாமனாரு வூட்டுல எல்லாரையும் உக்கார வெச்சு விரிச்சாரு. கலாமணி பூரிச்சுப் போயி நிக்கறா. வசந்தாமணி, 'தம்பி எல்லாம் பாத்துட்டாரு'ன்னு கண்ணத் தொடைக்கறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்ப மாமா, 'நீங்க என்ன சொல்றீங்க மாப்ள'ன்னு என்ற பக்கம் திரும்பிக் கேட்டாரு.

நான் என்ன சொன்னேன்னா, எங்க கம்பெனில வேல செஞ்ச ஒருத்தருக்கு இந்த வயசுல இதே ஆபரேசன் பண்ணி இருந்த பார்வையும் போச்சுன்னேன். இந்த வயசுல கத்தி வெக்க வேண்டாம், மூலிகைச் சொட்டு மருந்து ஒண்ணு இருக்குது, விசாரிக்கறேன்னு சொன்னேன். மாமா 'பாக்கலாம்'னாரு. நான் சொன்னது அங்க எடுபடலன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கமே போகல.

அந்தக் கம்பெனி ஆளு யாருன்னு கேக்காதீங்க. அப்படி ஒருத்தரு இல்ல.

முறைக்காதீங்க தம்பி. சொல்லி முடிச்சர்றேன்.

போன புதங்கெழம இந்த பில்டர வாங்கிட்டு நம்ம சிக்கந்தர் பாய் கடைக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்குது. பாய் பொட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. 'ஏனுங்ணா, வண்டிக்கு என்ன வந்துச்சு? வண்டியோட வந்த கம்பெனி பில்டர் டப்பா முன்னால இருந்து குளுந்த காத்த இழுக்குது. இது பானெட்டுக்குள்ள கெடக்கற சூட்டுக் காத்தத்தான் இழுக்கும். சத்தம் வரும், இழுவ வராது'ன்னாரு. சத்தம் வந்தாப் போதும் பாய்னேன். 'அப்ப ஹாரன மாத்திக்குங்களே'ன்னு சிரிக்கறாரு. என்ற மூஞ்சியப் பாத்ததும் சிரிப்ப நிறுத்திட்டு வேலைய ஆரம்பிச்சுட்டாரு.

நானும் பக்கத்துலயே நின்னு பாத்தேன். பழைய டப்பாவ நாலு போல்ட்டு கழட்டித் தூக்குனாரு. காத்து எவ்வளவு போகுதுன்னு அளக்கற சென்சார் ஒண்ணு இருக்குது, தீக்குச்சி கனந்தான், அதக் கையில புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கி இந்தக் குழாய்ல வெச்சாரு. பில்டர்ல ரொம்ப எண்ணெய் ஊத்திறாதீங்க, அந்த எண்ணெய் போயி சென்சார்ல படிஞ்சா வண்டி தெணறும்னாரு. நீங்களும் ஞாபகம் வெச்சுக்குங்க. பேட்டரிப் பக்கம் கூம்பு ஒரசுச்சு, அதுக்கு ஒரு தகடு வளைச்சு அண்டக் குடுத்தாரு. கிளாம்ப முறுக்கி, ஸ்டார்ட் பண்ணி, ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க, ஹூஊம்ம்ம்! எனக்கு நெஞ்சு முடியெல்லாம் நட்டுக்கிச்சு தம்பி. சின்னவரு வண்டியேதான். இம்மி பிசகல. நான் சொல்றேன், சத்தத்துல நான் தப்பு சொல்லமாட்டேன்.

கிளம்பறப்ப பாய், 'இன்னொரு வேலையும் பண்ணிட்டனுங்ணா. பெல்ட்டு நார் நாராப் போயிருந்துச்சு, அது சுத்தற புள்ளிச் சக்கரமும் தேஞ்சிருந்துச்சு, ரெண்டையும் மாத்திட்டேன். இனிமே கத்தாது'ன்னாரு. நல்லதாப் போச்சு பாய், அந்தக் கெரகம் ஒழிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

ஞாயித்துக்கெழம வசந்தாமணி தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டா. நான் தனியா கோபிக்கு வுட்டேன். காலைல பத்து, பத்தரை இருக்கும். வாய்க்கா பாலத்துல திரும்புனேன், பெல்ட்டு கப்சிப்னு இருக்குது. அந்தப் பக்கம் ஏறுனதும் வேணும்னே ஒரு மிதி. ஹூஊம்ம். அங்க கழனில நின்ன ஆளுகூட நிமுந்து பாத்தாரு. வூட்டு முன்னால போயி நிறுத்துறேன், மாமா எந்திரிச்சுட்டாரு.

எந்திரிச்சுட்டாருங்க. துண்டத் தேடி எடுத்துத் தோள்ல போட்டு, செவுத்தத் தடவிட்டே வர்றாரு. இருபத்திரண்டு வருசம். நான் ஓடிப்போயி கேட்டத் தொறந்தேன். கையப் புடிச்சாரு. 'வாங்க, வாங்க சின்ன மாப்ள'ன்னாரு.

சின்ன மாப்ள.

'மாமா, நாந்தான்'னு அப்பவே சொல்லியிருக்கோணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனாட்டி அந்தக் கை என்ற கைய வுடல. சூடா இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குத் தாரை வாத்துக் குடுத்தப்பப் புடிச்சது, அதுக்கப்புறம் அந்தக் கைய நான் தொட்டதே இல்லீங்க. சித்த நேரம், ஒரே ஒரு தடவ, அவன் அனுபவிக்கறது எப்படி இருக்குதுன்னு பாத்தா என்னன்னு தோணிப்போச்சு. 'ம்'முன்னேன். சின்னவரு பாஷைதான் நமக்கும் தெரியுமே.

சோபாவுல உக்கார வெச்சாரு. ஃபேனப் போடச் சொன்னாரு. அவரும் நாக்காலில உக்காந்து மூச்சு வாங்குனாரு. அப்புறம் என்ற பக்கமாக் குனிஞ்சு, 'மாப்ள, நீங்க கோவிச்சுக்கப்படாது. ஆஸ்பத்திரிக்கு அலஞ்சு எல்லா ஏற்பாடும் பண்ணுனீங்க. ஆனாட்டி பெரிய மாப்ள வேண்டாம்னுட்டாரு. அவரு சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும். அவரு வந்து, சரி மாமா பண்ணிக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அடுத்த நிமிசம் நான் வண்டில ஏறிக்கறேன்'னாரு.

'ம்'முன்னேன்.

'அவரு ஒரு மாசமா வர்றதில்லைங்க. தெனம் பாலத்துக்கிட்ட அந்தக் கீச்சுச் சத்தம் கேக்குதான்னு காது குடுத்துட்டேதான் உக்காந்திருக்கேன்'னாரு.

அதோட வுட்டிருக்கலாம். முட்டியத் தேச்சுக்கிட்டே இன்னொண்ணும் சொன்னாரு தம்பி. 'இந்தக் கால வெச்சுட்டு எந்திரிக்கறதுதான் செரமமா இருக்குது. நீங்க வந்தா எந்திரிச்சு வரோணும், ஒறம்பரைக்கு மரியாத செய்யோணுமில்லீங்களா. பெரியவரு வந்தா அந்தத் தொந்தரவே இல்ல. நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன். நம்மூட்டு ஆளுக்கு எதுக்கு எந்திரிக்கறது?'

ஒறம்பரைன்னா உங்க பக்கம் தெரியாதுல்ல. விருந்தாளிய எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஒறம்பரைக்குத்தான் எந்திரிப்பாங்க. ஒறம்பரைக்குத்தான் கோழி அடிப்பாங்க. இது எனக்கும் தெரியும். சின்ன வயசுல இருந்து தெரியும். ஆனா அந்தச் சோபாவுல உக்காந்துட்டு இருக்கறப்பத்தான் காதுல விழுந்துச்சு.

அந்நேரம் பாத்து ராசாத்தி அக்கா காப்பி கொண்டாந்துச்சு. என்னையப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு. நான் வாய் மேல வெரல வெச்சேன். அக்கா டம்ளர வெச்சுட்டு நகரல, பாத்துட்டே நிக்குது. எடுத்துக் குடிச்சேன். பாயசமாட்ட இனிச்சுது. ரெண்டு கரண்டி சக்கர. குடிச்சு முடிச்சேன் தம்பி, ஒரு சொட்டு மிச்சம் வெக்காம. அப்புறம் போன் வந்த மாதிரி பாவ்லா பண்ணி, காதுல வெச்சுட்டே வெளிய வந்துட்டேன். மாமா உள்ள இருந்து, 'வேலையப் பாருங்க மாப்ள, வேலைதான் முக்கியம்'னு குரல் குடுக்கறாரு.

கேட்டுக்கிட்ட அக்கா பின்னாலயே வந்துச்சு. திட்டப் போகுதுன்னு நெனச்சேன். 'பெல்ட்ட மாத்திட்டீங்களாக்கு?'ன்னு மட்டும் கேட்டுச்சு. ஆமான்னேன். 'அதான பாத்தேன். பாலத்துல கீச்சுன்னதும், ராசாத்தி, பெரியவரு வந்துட்டாரு, சக்கர இல்லாம ஒண்ணு போடும்பாரு. நான் பாலை அடுப்புல வெக்கறதுக்கும் நீங்க படியேறுறதுக்கும் சரியா இருக்கும். இன்னைக்கு அவரு சின்னவருன்னாரு, நான் சக்கரையப் போட்டுட்டேன். எனக்கென்னங்க தெரியும், பன்னண்டு வருசமா அவரு சொல்லித்தான் போடறேன்'னுச்சு.

வண்டில ஏறி உக்காந்துட்டேன். சாவியத் திருப்ப மனசு வரல. திருப்புனா அந்த ஹூஊம் வரும். அப்புறம் எப்படியோ வந்து சேந்தேன்.

நேத்துக் காலைல மொத வேலையா பாய் கடைக்குப் போயி இதக் கழட்டச் சொல்லிட்டேன். கம்பெனி டப்பாவ மாட்டியாச்சு. பழைய பெல்ட்டு எங்க பாய்னு கேட்டேன். அத எதுக்கு வெச்சிருக்கப் போறேன், தேஞ்ச புள்ளியோட சேத்து அன்னிக்கே பழைய சாமானுக்குப் போட்டாச்சுன்னாரு. சரி, வேற பழைய பெல்ட்டு போட்டுத் தாங்க, கத்தறதாப் பாத்துன்னேன். பாய் கைல இருந்த ஸ்பேனரக் கீழ வெச்சுட்டாரு. 'ஏனுங்ணா, வூட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?'ங்கறாரு.

சாயங்காலம் சகலை போன் பண்ணுனாரு. ஆறு வருசத்துல அவரா எனக்குப் பண்ணுனது அது ரெண்டாவது தடவையோ மூணாவது தடவையோ. 'அண்ணா, இன்னைக்கு மாமா வூட்டுக்குப் போயிருந்தேன். நேத்து ஏன் அவசரமாக் கெளம்பிட்டீங்கன்னு மாமா கேட்டாரு'ன்னாரு. எனக்கு வேத்துப் போச்சு. ராசாத்தி அக்கா அவருகிட்டச் சொல்லியிருக்கோணும். அவரு சொல்றாரு, 'ஆமாங்க மாமா, கம்பெனில இருந்து போன் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். வெசாழக்கெழமைக்குத் தேதி வாங்கியிருக்கேன். டாக்டர் இனிமே தள்ள வேண்டாங்கறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதுங்ணா.'

அவ்வளவுதான். ஒரு கேள்வி கேக்கல. ஏன் போனீங்க, எதுக்குப் பேசாம உக்காந்திருந்தீங்க, ஒண்ணும் இல்ல. எப்படி இருக்குது பாருங்க தம்பி. நான் சொல்ல வேண்டிய பொய்ய அவன் சொல்லி முடிச்சுட்டான். அதுலயும் முந்திக்கிட்டான். இப்ப நான் அவனுக்கு நன்றி வேற சொல்லோணுமாம். ராத்திரி எல்லாத்தையும் கேட்டுட்டு வசந்தாமணி சொன்னா. அதுக்கப்புறந்தான் அந்தக் கம்பெனி ஆளு விசயத்தையும் அவகிட்டச் சொன்னேன். 'எங்கப்பன் கண்ணுங்க'ன்னு மட்டும் சொன்னா. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா. இன்னைக்குக் காலைல இருந்து என்ற கூடப் பேசல. அதான் உங்களுக்கு ஒரு காப்பிகூடக் குடுக்க முடியாம வெறுந்தண்ணியக் குடுத்தேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

போன்ல சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொன்னேன். காலைல கூப்புட்டேன். ராசாத்தி அக்கா போன அவரு காதுல வெச்சுச்சு. 'மாமா, ஆபரேசன் பண்ணிக்கலாம்'னேன். 'அதெல்லாம் போன்ல பேசற விசயமுங்களா, நேர்ல வாங்க மாப்ள'ன்னு போன அக்காகிட்டயே குடுத்துட்டாரு. ஒண்ணு ரெண்டு விசயத்துல அவரு அப்படித்தான். பொண்ணு குடுக்கறது, நெலம் விக்கறது, கத்தி வெக்கறது, இதெல்லாம் மூஞ்சிக்கு நேராப் பேசோணும்.

நேராப் போயி, 'மாமா நாந்தான், பெல்ட்ட மாத்திட்டேன், அதான் சத்தம் வரல'ன்னு சொன்னா முடிஞ்சுதேங்கறீங்க. வாஸ்தவந்தான். நாளைக்குப் போகோணும், போயே ஆகோணும், வெசாழக்கெழமைய வுட்டா அந்தக் கண்ணுக்கு நாந்தான் பதில் சொல்லோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. என்ற வண்டில இப்ப ஒரு சத்தமும் இல்ல. கூம்பும் இல்ல, பெல்ட்டும் கத்தாது. ஊமையாட்டப் போயி நிக்கும். கதவு சாத்தற சத்தந்தான் கேக்கும். யாரோ புது ஆளு வந்திருக்காங்கன்னு அவரு என்ன பண்ணுவாரு? நாக்காலியப் புடிச்சுட்டு எந்திரிப்பாரு. துண்டத் தேடுவாரு.

இப்ப ஒண்ணு கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது. விளம்பரத்துல, இதே வண்டி வெச்சிருக்கறவங்க மட்டும் வண்டியோட நேர்ல வரவும்னு போட்டிருந்தேன் பாத்தீங்களா? நேத்து ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேரு வண்டியும் பட்டாட்ட வந்து நின்னுச்சு. பில்டர் வித்துப் போச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். இன்னைக்கு நீங்க தெருமொனைல திரும்புனீங்க. உள்ள இருந்து கேட்டேன். அந்தச் சுருதியே. எட்டு வருசம் கேட்ட காது, தப்பு சொல்லாது.

பில்டர நீங்க சும்மா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் தர வேண்டாம். சிக்கந்தர் பாய்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், உங்க வண்டிக்குப் புதுப் புள்ளி, புதுப் பெல்ட்டு போட்டு, இந்தக் கூம்பையும் அவரே மாட்டிக் குடுத்துருவாரு. அந்தப் பழச மட்டும் கழட்டி எனக்குக் குடுத்துருங்க. தேஞ்ச புள்ளியோட சேத்து. அதையும் மாத்துனாத்தான் அதே மாதிரி கத்தும்னு பாய் சொல்றாரு. தலைல அடிச்சுக்கிட்டேதான் சொல்றாரு, ஆனா சொல்றாரு.

ரொம்ப நாளைக்கு வேண்டாம். கண்ணுக் கட்டு அவுத்து அவரு என்ற மூஞ்சியப் பாக்கற வரைக்கும் போதும். நாளைக்குக் காலைல பாலத்துல ஒரு கீச்சு கேக்கோணும். உள்ள பால அடுப்புல வெக்கோணும். நான் படியேறுறப்ப அவரு எந்திரிக்காம உக்காந்திருக்கோணும்.